உவரி வேர்

கை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. இனி இருமக் கூடாது, தும்மக் கூடாது, யாராவது கூப்பிட்டால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் எவ்வளவு பூஞ்சை வித்து போகும் தெரியுமா என்று முதலாண்டுப் பிள்ளைகளை நானே மிரட்டியிருக்கிறேன், இன்றைக்கு மிரட்ட என்ன இருக்கிறது, வர வேண்டியதெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தப் பெட்டியின் பின்சுவரிலிருந்து வடிகட்டிய காற்று என் முகத்துக்கு நேரே வீசிக்கொண்டிருக்கிறது, லாமினார் என்று சொல்வோம், என் வீட்டுக்காரர் தனசிங்குக்கு ஒருநாள் விளக்கியபோது "காத்தால செஞ்ச கதவுன்னு சொல்லு" என்றார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், எதையும் அப்படித்தான் சுருக்கிவிடுவார். இப்போது கீழே வேப்பமரத்தடியில் கார்க்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பின்சீட்டில் என் துணிப்பை, தலையணை, வெந்நீருக்கு ஒரு கெட்டில். மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் குடுவைகள். ஸ்பிரிட் விளக்கு எரிகிறது, பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியவில்லை, அதன் மேலே காற்று நெளிவது மட்டும்தான் தெரிகிறது. ஃபோர்செப்ஸ் இடுக்கியைச் சுடரில் காட்டி, வேர் வளர்க்கிற புது ஜெல்லியின் ஓரத்தில் தொட்டு, சுர்ரென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். சத்தம் வந்தால் இன்னும் சூடு இருக்கிறது. மற்றவர்களுக்கு விரல் சொல்லிவிடும். எனக்கு விரல் நுனிகள் ஒன்றும் சொல்வதில்லை, பத்தொன்பது வயதிலிருந்து சொல்வதில்லை, கையுறைக்குள்ளே இன்னொரு கையுறை போட்ட மாதிரி, அதைக் கழற்றவே முடியாத மாதிரி. அதனால் காது, அதனால் கண், சில சமயம் மூக்கு. ரப்பர் கருகும் வாசனை வந்தால் என் விரல் சுடுகிறது என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணி வரைக்கும் வடிவு தந்திருக்கிறாள். சண்முகவடிவும் நானும் ஒரே வருஷம் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இந்த ஆய்வகம் இரண்டு பேருக்கும் பொது, வளர்ப்பு அறையில் இடப்பக்கத் தட்டுகள் அவளுடைய செவ்வாழைக் கன்றுகளுக்கு, வலப்பக்கம் என் வேர்களுக்கு. விடுமுறையில் ஏசி நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. நான் அப்போது ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போயிருந்தேன், அவள் தன் மகளின் சடங்கு வேலையில் இருந்தாள். திறந்து பார்த்தபோது அறை அடுப்படி மாதிரி வெந்துகிடந்தது, குடுவைகளின் வாய்ப்பஞ்சில் வியர்வை, அந்த வியர்வை வழியாகப் பூஞ்சை இறங்கியிருக்கிறது. முதலில் வெள்ளை நூல். பிறகு பஞ்சு. பிறகு பஞ்சின் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி கறுப்பு. கறுப்பு வந்துவிட்டால் வித்து பறக்கும். நேற்று வடிவு என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஏ ஹெப்சி, நான் சொல்லுதத கேளு. உன் பக்கம் இருக்க மொத்தத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சிருவோம். இன்னும் என் பக்கம் ஏறல. ஏறிட்டுன்னா செவ்வாழைக்காகக் காத்திருக்க அத்தன பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல." அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், ஒருவேளை இன்னும் கடுமையாக. "ஒரு காலைப்பொழுது மட்டும் கொடு வடிவு" என்றேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். எல்லோரும் இப்போது பேசும்போது என் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள், துப்பட்டாவை எவ்வளவு சுற்றினாலும் கண் அங்கேதான் போகிறது. "சரி" என்றாள். "மத்தியானம் ரூமுக்கு மருந்துப் புகை போட ஆள் வருது. அது வரைக்கும்."

இந்தக் குடுவையில் வெள்ளை நூல் வலது ஓரத்தில் மட்டும் இருக்கிறது. வேர்கள் இடது ஓரம் வரைக்கும் போய்விட்டன. வேரின் நுனி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் வருவது எதுவாக இருந்தாலும் நுனி முன்னால்தான் இருக்கும், அதுதான் என் ஒரே நம்பிக்கை. பூஞ்சை தொடாத பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு நுனியை வெட்டி எடுத்து, புது ஜெல்லியில் வைத்து, மூடி, முத்திரையிட்டு, வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். புத்தகத்தில் இப்படிச் செய்யாதே என்று போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத நூல் கண்ணுக்குத் தெரிகிற நூலைவிட நீளமானது. தெரியும். இருந்தாலும் கத்தியை வைக்கிறேன். நுனி துண்டாகி ஜெல்லியில் சாய்கிறது, பால்வெள்ளை, முனையில் இளமஞ்சள், பிறந்த குழந்தையின் முடி மாதிரி கிளைகள். இதற்கு மண் கிடையாது, இலை கிடையாது, பூ கிடையாது. நித்தியகல்யாணியின் இலையை ஒரு நுண்ணுயிரில் தோய்த்த ஊசியால் கீறினேன், அந்த நுண்ணுயிர் செடியின் செல்லுக்குள் போய் ஒரே ஒரு சொல்லை வைத்துவிட்டு வந்தது, வளர். கீறிய இடத்தில் வேர் முளைத்தது. வெட்டி எடுத்து இனிப்புத் தண்ணீரில் போட்டேன், செடி இல்லாமலேயே வேர் வளர்ந்தது, அது பாட்டுக்கு, யாருக்காக என்று கேட்காமல். வளர், நிறுத்தாதே. என் கழுத்திலும் எதுவோ இதே சொல்லைத்தான் கேட்டிருக்கிறது. இல்லை, இப்போது அந்தப் பக்கம் போகக் கூடாது. ஃபோர்செப்ஸ், சுடர், ஜெல்லியின் ஓரம், சுர், பொறு, மறுபடி, சத்தம் இல்லை, சரி.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப் பூ என்றுதான் அம்மா சொல்வாள். நாசரேத்தில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ரோஸும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும், வீட்டுக்குள் கொண்டுவர விட மாட்டாள். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கையில் கழுத்தில் நெறி கட்டியது, பல்லில் சொத்தை இருக்கும் என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், அப்புறம் சதையை வெட்டி எடுத்துப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் என் கையில் ஊசியைக் குத்திக்கொண்டே ஒரு நர்ஸம்மா, பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் இருக்கும், "இது எதுல இருந்து எடுக்காங்க தெரியுமா, நம்ம நித்தியகல்யாணிதான்" என்றாள். அம்மா நம்பவில்லை. "அந்தப் பூவா" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த மருந்து ஏற ஏற என் விரல்கள் கூச ஆரம்பித்தன, எறும்பு ஊர்கிற மாதிரி, பிறகு எறும்பும் போய்விட்டது. ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அழுகையும் வராமல் கோபமும் வராமல் நின்றுகொண்டிருப்பேன், அம்மா பின்னால் வந்து மாட்டிவிடுவாள். கட்டி கரைந்தது. நான் பிழைத்தேன். கால் விரல்களில் உணர்வு திரும்பியது, கையில் உள்ளங்கை வரைக்கும் திரும்பியது, நுனிகளுக்கு மட்டும் வரவில்லை. வராவிட்டால் என்ன என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். தாவரவியலில் மேல்படிப்புக்குப் போனபோது நேர்முகத்தில் ஒருவர், "உங்க கைக்கு இந்த வேலை சரிப்படுமா, ரொம்ப நுணுக்கமான வேலையாச்சே" என்றார். "பாக்கலாம் சார்" என்றேன். அவருக்குக் கோபம் வந்திருக்கும். பாக்கலாம். வேறென்ன சொல்வது.

இந்தக் குடுவை வேண்டாம். இதில் பஞ்சு நடுவிலேயே இருக்கிறது. வேர் கறுத்துவிட்டது. சிவப்புக் கூடையில் போடு. போட்டாயிற்று. அடுத்தது. லாரி லாரியாக நித்தியகல்யாணி இலையைப் பறித்து, காயவைத்து, வடித்தால் ஒரு உள்ளங்கை மருந்து கிடைக்கும், அதனால்தான் அந்த விலை, அதனால்தான் சில சமயம் ஊசி இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். செடி அந்த மருந்தை இரண்டு பாதிகளாகச் செய்து பிறகு ஒட்டுகிறது. ஒரு பாதியை என் வேர் செய்கிறது. பாதிதான். இன்னொரு பாதிக்கு இலை வேண்டும், வேறு ஊரில் வேறு ஆட்கள் அதன் பின்னால் அலைகிறார்கள். என் பங்கு இந்தப் பாதி. எத்தனையோ இடத்து விதைகளை முளைக்கவைத்துக் கீறிப் பார்த்தேன், எல்லா வேரும் வளர்ந்தது, எல்லாவற்றிலும் மருந்து கொஞ்சம்தான். உவரிக் கடற்கரை மணலில், படகு இழுத்து வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைப்பூச் செடியிலிருந்து எடுத்த விதையில்தான் இது வந்தது. முதல் தடவை அளந்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் தடவையும் திரையில் கோடு அதே உயரம். வடிவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து குடிச்சு வளந்த செடில்லா" என்றாள். ஏன் இந்த வேர் மட்டும் இவ்வளவு செய்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாததால்தான் பயம். இது போய்விட்டால் திரும்ப உவரிக்குப் போய் விதை எடுத்து வரலாம், அதே செடியிலிருந்துகூட எடுக்கலாம், ஆனால் இந்த வேர் வராது. எந்தச் செல் எந்தக் கீறலில் எப்படி மாறியதோ, அது ஒரு தடவை நடந்தது. உவரி என்று பேர் எழுதின இந்தக் குடுவைகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இது இல்லை. எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்திருந்தாயே என்று யாரும் இன்னும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்டுக்கொண்டே வெட்டுகிறேன். இன்னொரு நுனி. இது நல்ல நுனி. வை. மூடு.

கட்டி திரும்பி வந்ததும் இப்போது என்னைப் பார்க்கிற டாக்டர் உமையாள் என்னைவிட இளையவராக இருப்பார். முந்தாநாள் மேசையில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, "அப்ப போட்ட சிவப்பு மருந்து இனிமே போட முடியாது மேடம், உங்க இதயம் தாங்காது. அதுக்கு வேற வழி இருக்கு. ஆனா இன்னொரு மருந்து, நரம்பைப் பாதிச்சதே, அதைப் போட்டா நல்லது. அளவுதான் யோசிக்கணும்" என்றார். குறைத்துப் போட்டால் விரல் இப்போது இருக்கிற மாதிரியாவது இருக்கும். முழுசாகப் போட்டால் உள்ளங்கையும் போகலாம், பாதமும் போகலாம், போகாமலும் இருக்கலாம். குறைத்தால் கட்டி கரைகிற வாய்ப்பும் கொஞ்சம் குறையும். "எவ்வளவு குறையும்" என்று தனசிங் கேட்டார். "அதைச் சரியா சொல்ல முடியாது சார். கொஞ்சம்." அந்தக் கொஞ்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வண்ணார்பேட்டை பாலத்தில் வண்டிகள் நின்றபோது ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஆளு வேணும் ஹெப்சி. கொக்கியெல்லாம் நான் மாட்டிவிடுவேன்" என்றார். கொக்கியைப் பற்றி எப்போதோ கல்யாணமான புதிதில் சொன்னது, ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. கொக்கிக்காகவா நான் யோசிக்கிறேன். இந்தக் கைக்காக. கண்ணால் காட்டிக் காட்டி, சுடவைத்து, கீறி, எத்தனை குடுவையை உடைத்துப் பழக்கிய கை இது, பாதி ஊமையான கைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாயிற்று, மிச்சத்தையும் ஊமையாக்கி மறுபடி முதலிலிருந்து வா என்றால். அவரிடம் அதைச் சொல்லவில்லை. பச்சை விழுந்தது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டோம். டாக்டருக்கு இன்று சேர்கிறதற்கு முன்னால் எந்த அளவு என்று சொல்ல வேண்டும்.

கருகல். ரப்பர். கையை இழுத்துவிட்டேன். ஆள்காட்டி விரலில் கையுறை ஒட்டிப்போயிருக்கிறது, உள்ளே தோல் சிவந்திருக்கும், வலியில்லை, வலிக்கிற இடத்துக்கு இன்னும் செய்தி போகவில்லை. அதற்குள் ஃபோர்செப்ஸில் இருந்த நுனி பெட்டியின் விளிம்பில் விழுந்துவிட்டது. விளிம்பில் விழுந்தது விழுந்ததுதான். எடுத்து வைக்கலாமா. சுடருக்குப் பக்கம்தானே, காற்று வீசிக்கொண்டுதானே இருக்கிறது, யார் பார்த்தார்கள். இல்லை. சிவப்புக் கூடை. புதுக் கையுறை. எரிசாராயத்தில் கை கழுவு. தனசிங்குக்கு இந்த வாசனை பிடிக்காது. நெஞ்சு அடிப்பது கழுத்தில் கேட்கிறது, கட்டிக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் இருக்கிறது அல்லவா, அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது தன்னை ஞாபகப்படுத்துகிறது. இரு. நான் உன்னை மறக்கவில்லை. உனக்கு மத்தியானம். இப்போது இது. கடைசி வரிசைக்கு வந்துவிட்டேன். இந்தக் குடுவை சுத்தமாக இருக்கிறது, இதுதான் எல்லாவற்றிலும் அழகு, வேர் ஜடை ஜடையாக அடிவரைக்கும், ஒரு வெள்ளை நூல் இல்லை. காலையில் இதைப் பார்த்ததும்தான் தைரியமே வந்தது, இது ஒன்று போதும் என்று கடைசிக்கு எடுத்து வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார். கீழே, வேர் ஜெல்லிக்குள் இறங்குகிற இடத்தில், பால் சிந்தின மாதிரி ஒரு மங்கல். ஜெல்லியின் நிழலாக இருக்கலாம். திருப்பிப் பார். மங்கலும் திரும்புகிறது. பூஞ்சை இல்லை, பாக்டீரியா. வேருக்கு உள்ளேயே போயிருக்கும், நுனிக்கும் போயிருக்கும், எங்கே வெட்டினாலும் கூடவே வரும். மங்கலே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன. ஒரு வாரத்தில் தெரிந்துவிடப்போகிறது, அந்த ஒரு வாரம் என்னிடம் ஒரு நல்ல குடுவை இருக்கிறது என்ற நினைப்பாவது இருக்கும், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நினைத்துக்கொள்ள ஒன்று வேண்டாமா. ஆனால் மற்ற நுனிகளோடு இதைச் சேர்த்து வைத்தால் அவற்றையும் கெடுக்கும். கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். கனமாக இருக்கிறது. உள்ளங்கைக்குக் குளிர்ச்சி தெரிகிறது, அது வரைக்கும் தெரிகிறது. கூடையில் வைத்தேன். போடவில்லை, வைத்தேன்.

கதவுக் கண்ணாடியில் தட்டுகிற சத்தம். வடிவு. முகக்கவசம், தலையுறை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறாள், கண் மட்டும் தெரிகிறது, அதிலேயே கோபமா இரக்கமா என்று எனக்குத் தெரிந்துவிடும், இது இரண்டும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு "வா" என்றேன். உள்ளே வந்து பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கூடையைப் பார்த்தாள். அந்த அழகான குடுவையைப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கினாள், மங்கலைக் கண்டுகொண்டாள். "நீயே போட்டியா" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். குடுவையைக் கூடையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு, "நான் வந்து பாக்கும்போது அத நீ ஒளிச்சு வச்சிருப்பேன்னு நெனச்சேன். சண்ட போடணும்னுதான் உடுப்பு மாத்திட்டு வந்தேன்" என்றாள். இன்னும் இரண்டு குடுவை பாக்கி இருந்தது. நான் கத்தியைப் பார்த்தேன், என் கையைப் பார்த்தேன், ஆள்காட்டி விரலில் இப்போதுதான் எரிச்சல் தொடங்குகிறது, தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி. திடீரென்று எனக்கு ஒரு பயம் வந்தது, இத்தனை வருஷமும் வராத பயம், கட்டியைப் பற்றியது இல்லை. இந்த நுனிகள் பிழைத்தால் அடுத்த மாதம் வெட்டி மாற்ற வேண்டும், அதற்கடுத்த மாதமும், மருந்தால் ரத்த அணுக்கள் குறைந்து கிடக்கும்போது என்னைப் பூஞ்சைப் பக்கமே விட மாட்டார்கள், அப்போது யார் வெட்டுவது. உவரியை நான் யாரையும் தொட விட்டதில்லை. விரல் செத்தவள் செய்கிறாள் என்கிற பெருமை, அதுவும் இருந்திருக்கும். எழுந்து நின்றேன். "வடிவு, இது ரெண்டையும் நீ வெட்டு." அவள் கண் பெரிதானது. "எனக்கு உன் வேர் பழக்கம் இல்லடி. நான் வாழக்காரி, நறுக்கிப் போட்டுட்டுப் போறவ." "பரவால்ல. நறுக்கு. மஞ்சளா தெரியுதுல்லா நுனி, அதுக்குக் கீழ ஒரு நகக்கண் விட்டு நறுக்கு." "கெட்டுப்போச்சுன்னா?" "கெட்டா கெடட்டும். நீ வெட்டு."

முக்காலியில் அவள், நான் பின்னால் நிற்கிறேன். சூடு ஆறிவிட்டதா என்று அவள் காது கொடுப்பதில்லை, அவள் விரலுக்குத் தெரிகிறது, சுடரில் காட்டினாள், ஒரு நொடி பொறுத்தாள், போனாள். வேகம். மெதுவாக மெதுவாக என்று எனக்குச் சொல்ல வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். நுனியைப் பிடிக்கிற விதம் வேறு, நான் மேலிருந்து கவ்வுவேன், இவள் அடியிலிருந்து ஏந்துகிறாள், கன்றை ஏந்துகிற மாதிரி, அப்படியும் பிடிக்கலாம் போலிருக்கிறது, இத்தனை நாளாக எனக்குத் தோன்றவில்லை. நுனி ஜெல்லியில் போய் உட்கார்ந்துவிட்டது, சாயவில்லை. என் கைகள் இரண்டும் என் இரண்டு பக்கத்திலும் சும்மா தொங்குகின்றன. சும்மா தொங்கினாலும் வேலை நடக்கிறது. இதை நினைத்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, பசிதான் வந்தது, காலையில் இரண்டு இட்லிகூடச் சாப்பிடவில்லை. என் கை போனால் வேர் போய்விடும் என்று நினைத்தேனே, அது பொய். உள்ளங்கை ஊமையானால் உள்ளங்கைக்கும் ஏதாவது வழி செய்துகொள்வேன், கண் இருக்கிறது, காது இருக்கிறது, வடிவு இருக்கிறாள். கண்ணும் காதும் வைத்திருக்க முதலில் ஆள் உயிரோடு வேண்டும். தனசிங் பாலத்தில் வைத்துச் சொன்னது அதுதான், அவருடைய சுருக்கத்தில். அப்போது எரிச்சல் பட்டது அவர் சொன்னதற்கு இல்லை, அது சரி என்பதற்கு. வடிவு கடைசி மூடியை அழுத்தி, முத்திரையைச் சுற்றினாள். "போ" என்றாள் திரும்பாமல். "மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். பொகக்காரன் வந்துட்டான். இதெல்லாம் விலங்கியல் கட்டடத்துக்குக் கொண்டுபோயிருதேன், அங்க ஒரு அலமாரி கேட்டு வச்சிருக்கேன்." எப்போது கேட்டாள். காலையிலேயே கேட்டிருக்க வேண்டும், எனக்குக் கெடு வைத்த அதே வாயால்.

தாழ்வாரத்தில் வெயில் அடித்தது. கையுறையைக் கழற்றினேன், விரலில் ஒரு கொப்புளம். போனை எடுத்து டாக்டர் உமையாளைக் கூப்பிட்டேன், இரண்டு தடவை மணி அடித்து அவரே எடுத்தார். "டாக்டர், ஹெப்சிபா பேசுறேன். முழு அளவே போடுங்க." "கைக்கு என்ன ஆகும்னு சொல்லியிருக்கேன். வீட்ல பேசிட்டீங்களா" என்றார். "அவரு முதல்லயே சொல்லிட்டாரு. எனக்குத்தான் கேக்க நேரமாயிட்டு." "சரி மேடம். முழுசா ஆரம்பிப்போம். நடக்க முடியாத அளவுக்குப் போச்சுன்னா நானே நிறுத்திடுவேன். அதுல நீங்க பிடிவாதம் பண்ணக் கூடாது." "பண்ண மாட்டேன்" என்றேன். பண்ணுவேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கையில் சிமெண்டின் சொரசொரப்பு நன்றாகத் தெரிந்தது, கீழ்ப்படி வரைக்கும் விடாமல் தடவிக்கொண்டே வந்தேன். தனசிங் எழுந்து நின்றார். "முடிஞ்சதா" என்றார். "முடிஞ்சது. போற வழியில எங்கயாவது நிறுத்துங்க, பசிக்கி." அவர் என் முகத்தைப் பார்த்தார், கழுத்தை இல்லை, முகத்தைத்தான், பிறகு வண்டியை எடுத்தார்.

ஊசி போடுகிறதற்கு முன்னால் ஏதேதோ சோதனைகள், இதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, அதில் சில நாட்கள் போய்விட்டன. இன்று காலைதான் மருந்து. பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போது வடிவு கூப்பிட்டாள். "ஒளிக்காம சொல்லுதேன், பாதிக்கு மேல போயிட்டு. பஞ்சு கட்டிட்டு. அதெல்லாம் அவிச்சிட்டேன்." கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மூணு நிக்குது" என்றாள். "சுத்தமா நிக்குது, நான் பாத்தது பத்தாதுன்னு பூஞ்சையப் பத்தித் தெரிஞ்ச சாரையும் கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். கிள விட்ருக்கு. ஒண்ணு நீ வெட்டுனது, ரெண்டு நான் வெட்டுனது. கோவிச்சுக்காத." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் கழுத்து இழுக்கிறது, இருந்தாலும் சிரித்தேன், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். "வடிவு, இன்னும் கொஞ்சம் வளந்ததும் எல்லாத்தையும் மூணா பிரி. ஒரு பங்க கோயம்புத்தூருக்கு அனுப்பு, இன்னொரு ஊருக்கும் அனுப்பு, யாரு கேட்டாலும் கொடு. ஒரே ரூம்ல வைக்காத. அடியில ஏந்திப் பிடிக்கியே, அப்படியே பிடி." அவள் எழுதிக்கொள்கிறாள் போலிருந்தது, ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து என் பேரைக் கேட்டாள், சொன்னேன். எந்தக் கையில் குத்தட்டும் என்றாள். இடது கையை நீட்டினேன். வலது கையில் போன் இருந்தது, ஜெல்லியில் சர்க்கரை எவ்வளவு போடுவது என்று வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள், நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.